விலக்குப் பட்டியல்

பன்னிரண்டு சதவீதம். ஆன்ட்டிவைரஸ் ஸ்கேனின் பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மணி இரண்டு ஐம்பது. தனுஷ்கோடி அண்ணாச்சியின் பிரஸ்ஸில், அவருடைய கண்ணாடிக் கேபினில், அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கீழே ஆஃப்செட் மெசின் பக்கம் நின்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏசி ஓடுகிறது, எனக்கு முதுகு வேர்க்கிறது. காலையில் போன் போட்டு, "கொடி, என் மெசினு ஒரு வாரமாத் தவழுதுய்யா, என்னன்னு வந்து பாரு" என்றார். வந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்தச் சிவகாசியில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான், ஜெயக்கொடி, முப்பத்துச் சொச்சம் பிரஸ்ஸுக்கு நான்தான் டாக்டர். அவர்களாகத்தான் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மெசினில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் வரிசையாக ஒரு கூட்டம். பயப்பட வேண்டிய பெயர் இல்லை அது, விண்டோஸின் சொந்த வேலையாள், ஒரே பெயரில் இருபது முப்பது ஓடும். அதனாலேயே வைரஸ் எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர் மேல் ஆசை. கல்யாணப் பந்தியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று யார் கேட்கப்போகிறார்கள். பெயரை நம்பக் கூடாது, அது குடியிருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், அசல் என்றால் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் என்று எத்தனை பேருக்குக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றாக இருப்பிடத்தைத் திறந்தேன். சிஸ்டம்32, சிஸ்டம்32, சிஸ்டம்32. ஒன்று மட்டும் வேறு எங்கோ திறந்தது. அந்த ஃபோல்டரை எனக்குத் தெரியும். இந்த மெசினில் அதை உண்டாக்கியவனே நான்தான்.

பதினாறு. பரவாயில்லை, நகர்கிறது. உண்டாக்கியது இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகையில், நல்ல மழை. அண்ணாச்சி டிசைன் சாஃப்ட்வேர் கேட்டார், காசு கொடுத்து வாங்குகிற பேச்சே இந்த ஊரில் கிடையாது, எல்லாருக்கும் போடுகிற மாதிரி பூட்டு உடைத்த சாஃப்ட்வேரை என் கறுப்புப் பென்டிரைவிலிருந்து போட்டேன். டிசைன் அறையில் இருந்த மெசினிலும், கேபினில் இருக்கிற இதிலும். ஆன்ட்டிவைரஸ் கத்தியது. அது எப்போதும் கத்தும், பூட்டு உடைக்கிற ஃபைலைக் கண்டாலே அதற்கு ஆகாது. "என்னய்யா சேப்பாக் காட்டுது?" என்று அண்ணாச்சி கேட்டார். "அது சும்மா அண்ணாச்சி, வேலை செய்யுறதைக் காட்டிக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். அந்தப் பட்டியலில் ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஆன்ட்டிவைரஸ் அதன் பக்கமே திரும்பாது. ஊரில் சர்வீஸ் பார்க்கிற எல்லாரும் செய்வதுதான், கை தன்னால் செய்யும். நாலு தட்டு, முடிந்தது. சத்தம் நின்றது. அண்ணாச்சி சிரித்தார். புரோட்டா வாங்கித் தந்தார். இப்போது அந்த ஃபைலின் விவரத்தைத் திறந்தால் உருவான தேதி நவம்பர் இருபத்தேழு, பகல் பன்னிரண்டு இருபது. பூட்டு உடைக்கிற ஃபைலுக்கும் அதே நாள், அதே நிமிஷம். இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு என் பென்டிரைவிலிருந்து இறங்கியிருக்கின்றன. சந்தனமாரி இந்தப் பிரஸ்ஸில் டிசைனர் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த தைப் பொங்கல் கழிந்து. இந்தக் கேபினுக்குள் அவள் வாசல் தாண்டி வந்ததே கிடையாது.

சந்தனமாரி. நாலு மணி. காலையில் அண்ணாச்சி போனுக்கு முன்னால் அவள் போன்தான் வந்தது, வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசினேன். "அண்ணே, திருத்தங்கல்ல ஒரு பிரஸ்ல டிசைனர் கேக்காங்க. என் வேலையப் பாத்துட்டாங்க, பிடிச்சிருக்கு. ஆனா போன வருசக் கதை காதுக்குப் போயிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்கு அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கேப்பாங்களாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நான் ஒன்னும் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்ல." தெரியும்ல என்று அவள் சொன்னபோது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பாக்குறேம்மா என்றேன். சத்தியமாகவா? சரி, அதை அப்புறம் பார்ப்போம், இப்போது இருபத்திரண்டு சதவீதம்.

போன ஆடியில், ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருக்கும்போது, டிசைன் அறை மெசினில் அத்தனை ஃபைலும் சிதைந்து போயிருந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும், ஏஜெண்டுகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் போடுவார்கள், ஒரு வருஷப் பிழைப்பு அந்த ஒரு நாளில். முருகன், மகாலட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மக்கா மசூதி, பூனைக்குட்டி, பனிமலை, எல்லாம் பெயர் மாறி, திறக்காமல், ஒரு மிரட்டல் கடிதத்தை மட்டும் மேலே வைத்துக்கொண்டு கிடந்தன. அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அப்படி எட்டுப் பேர் வாயைப் பார்க்கும்போது தெரியவில்லை என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அது எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "யாராவது வெளிப் பென்டிரைவ் போட்டீங்களா?" என்றேன். சந்தனமாரி மட்டும், சிவப்புக் கலர் பென்டிரைவ் ஒன்றை, வேல் மாட்டின சாவிக்கொத்தோடு எடுத்து நீட்டினாள். "நான் போட்டேன்ணே, எழுத்துரு எடுத்துட்டு வந்தேன்." மறைத்திருக்கலாம், அவளாக நீட்டினாள். என் லேப்டாப்பில் செருகினேன். இதே பெயர், எஸ்விசிஹோஸ்ட், பென்டிரைவுக்குள் உட்கார்ந்திருந்தது. பென்டிரைவில் அந்த ஃபைலுக்கு என்ன வேலை? "இதோ இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இதோ இருக்கு. அவள்தான் செய்தாள் என்று நான் சொல்லவில்லையே.

இருபத்தொன்பது. சொல்லவில்லை, ஆனால் காட்டினேன். லேப்டாப்பை எட்டுப் பேர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நோய் பிடித்த மெசினில் போட்ட பென்டிரைவுக்கு நோய் வரத்தான் செய்யும், அது கொண்டுவந்ததா வாங்கிக்கொண்டு போனதா என்று தேதியைப் பார்த்தால் தெரியும், கம்ப்யூட்டர் சென்டரில் முதல் வாரம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நான் தேதியைப் பார்த்தேனா? இதுதான், திரும்பத் திரும்ப இங்கேதான் வந்து மாட்டுகிறது. பார்த்தேனா பார்க்கவில்லையா. பெயரும் அளவும் தேதியும் ஒரே வரியில்தான் இருக்கும், பெயரைப் பார்த்த கண் தேதிக்கு முந்தியே நின்றுவிடுமா? அவசரம், அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி, எட்டுப் பேர், சரி. அப்புறம் ஏன் அவள் பென்டிரைவை அந்த இடத்திலேயே ஃபார்மேட் அடித்தேன்? பாதுகாப்புக்கு என்றேன். "அண்ணே, என் அப்பா படம் அதுலதான்ணே இருக்கு, கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டது, வேற எங்கயும் இல்ல" என்றாள். அதற்குள் என் விரல் அமுக்கிவிட்டது. அதற்குள்ளா? அவள் சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அமுக்கினேன், இப்போது நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது. டிசைன் அறை மெசினையும் அன்றைக்குச் சாயந்திரமே சுத்தமாகத் துடைத்துவிட்டேன், தேதியும் போச்சு, எல்லாம் போச்சு. யாரும் துடைக்கச் சொல்லவில்லை. என்ன அவசரம் எனக்கு?

அன்றைக்கே அண்ணாச்சி அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மாடிப்படியில் வைத்து அவளிடம், "நான் அண்ணாச்சிகிட்டப் பேசுறேம்மா, நீ போ" என்று மெதுவாகச் சொன்னேன். பேசவில்லை. முதல் வாரம் ஆல்பம் வேலை, அண்ணாச்சி கோபமாக இருந்தார். இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு பேசினால், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்ற கேள்வி வரும், அதனால் பேசவில்லை. ஊர் முழுக்க அவளுக்கு வைரஸ்மாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பிரஸ்ஸிலும் மெசினைத் தொட விடவில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போகிறாள், லேபிள் ஒட்டுகிறாள். மயில் படம் போட்ட லேபிள் ஒன்று, அவள் இங்கே இருந்தபோது செய்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் ஒட்டுகிறாளாம். போன மாசம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஏன் சொன்னாள்? குத்திக் காட்டவா? அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லிக் கணக்கைத் தீர்த்திருப்பேன்.

முப்பத்தெட்டில் நிற்கிறது. பெரிய ஃபைல் ஏதோ. கரடி ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். ஒரு மெயில் வந்தது, உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மைப் படம் போட்ட ஒரு ஃபைல் ஒளிந்திருக்கும், அது பயங்கர வைரஸ், உடனே அழியுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லுங்கள் என்று. தேடினேன், இருந்தது! அசட்டு முழி முழித்துக்கொண்டு ஒரு சாம்பல் கரடி. பதினாலு மெசினிலும் இருந்தது, பதினாலிலும் அழித்தேன். சென்டர் நடத்திய சார் என் முதுகில் தட்டி டீ வாங்கித் தந்தார். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது, அந்த மெயில்தான் புரளி, கரடி விண்டோஸின் சொந்த ஃபைல், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது, முகம்தான் அப்படி. நான் யாரிடமும் சொல்லவில்லை. குடித்த டீயைத் திருப்பித் தரவா முடியும். பத்து வருஷம் கழித்துக்கூட அந்தச் சார் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, "கரடியைப் பிடிச்சவன்ல நீ" என்று பெருமையாகச் சொன்னார். ஆமாம் சார் என்றேன்.

ஐம்பத்தொன்று. மூன்று இருபத்தைந்து. அந்த ஃபைலைக் கண்டதும் நான் செய்த முதல் காரியம் என்ன? அதை ஒழுங்காக நினைத்துப் பார்க்க வேண்டும். என் கறுப்புப் பென்டிரைவைச் செருகினேன். பூட்டு உடைக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். அதே பெயர், அதே அளவு, அங்கேயும் இருந்தது. எங்கிருந்து எனக்கு வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், எவனோ ஒருவனிடம் நானும் வாங்கினதுதான். இரண்டு வருஷம், சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே. முப்பது பிரஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ரிசர்வ்லைன் ஏரியாவில் ஒரு பிரஸ்ஸில் போன மாசம் மெசின் விழுந்ததே, அது? பள்ளிக்கூடத் தெருவில் லேபிள் கம்பெனி, அது? எல்லா இடத்திலும் நான்தான் போய்ச் சரிசெய்தேன், கும்பிட்டு அனுப்பினார்கள். நானே கொண்டுபோய்ப் போட்டு நானே எடுத்துக் கொடுத்துக் கும்பிடும் வாங்கியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன். அப்புறம்? அப்புறம் பென்டிரைவில் இருந்ததை அழித்தேன். யோசிப்பதற்கு முன்பே அழித்தாகிவிட்டது. பழக்கம், வைரஸைக் கண்டால் அழிப்பதுதானே தொழில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆக இப்போது மிச்சம் இருக்கிற சாட்சி இந்த மெசினில் இருக்கிற ஒன்றுதான். விலக்குப் பட்டியலிலிருந்து ஃபோல்டரை எடுத்துவிட்டு, முழு ஸ்கேனும் போட்டுவிட்டேன். கோடு அந்த இடத்துக்குப் போனதும் அதுவும் போய்விடும், தேதியோடு. அதனால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன், பெயர், ஃபோல்டர், நவம்பர் இருபத்தேழு, பன்னிரண்டு இருபது, எல்லாம் தெரிகிற மாதிரி. எடுத்தேன் இல்லையா? அப்படியானால் நான் அவ்வளவு மோசமில்லை. சொல்லத்தான் போகிறேன், அதனால்தானே எடுத்தேன்.

அறுபத்தேழு. எப்படிச் சொல்வது? அண்ணாச்சி, அது என் பென்டிரைவிலிருந்து வந்தது. ஐந்தே வார்த்தை. அதற்கப்புறம்? அண்ணாச்சி வாய் சும்மா இருக்காது, சாயந்திரத்துக்குள் முப்பது பிரஸ்ஸுக்கும் தெரியும். டாக்டரே நோயைக் கொண்டுவந்தவன் என்று ஆகிவிட்டால் எவன் வாசலில் ஏற்றுவான். என் பெரிய மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம். வைரஸ்கொடி என்று பெயர் வைப்பார்கள், அதற்கென்று ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தைந்து வயசு, எந்தத் தீப்பெட்டி ஆபீஸிலும் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு இருபத்தேழுதான், எங்காவது பிழைத்துக்கொள்வாள். சீ, என்ன புத்தி இது. சரி, என் பெயரைச் சொல்லாமல் அவள் பெயரை மட்டும் எடுத்துவிட முடியாதா? வேறு வழியாக வந்திருக்கும், அந்தப் பிள்ளை இல்லை என்று மட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லையே. எண்பது. அது நல்ல வழி. அவளுக்கு வேலை கிடைக்கும், எனக்கு வேலை போகாது, யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏன் முதலிலேயே இப்படித் தோன்றவில்லை என்று லேசாகச் சந்தோஷம்கூட வந்தது, பசிக்கக்கூட ஆரம்பித்தது. எண்பத்தெட்டு.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அண்ணாச்சி உள்ளே வந்தார். கை முழுக்க மை. "என்னய்யா டாக்டரு, என்ன நோயாம்?"

"ஒன்னு இருந்துச்சு அண்ணாச்சி. எடுத்துக்கிட்டு இருக்கு."

"என் ரூமுக்குள்ள ஒரு பய வரமாட்டானே, எப்படிய்யா வந்துச்சு?"

"நெட் வழியா வந்திருக்கும். போன வாரந்தான வைஃபை குடுத்தீங்க." எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது வாயிலிருந்து! ஒத்திகை பார்க்காமலே. அதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. பேசினார், ஆமா, சொல்லுங்க, ஆமா நம்மகிட்டத்தான் இருந்துச்சு என்றார், பிறகு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "திருத்தங்கல்காரங்க. அந்தச் சந்தனமாரியக் கேக்காங்க. என்னய்யா சொல்லட்டும்?"

என்னிடமே கேட்டார். நாலு மணிப் போன் நேரிலேயே வந்து என் முன்னால் நின்றுவிட்டது. "அண்ணாச்சி, போன வருசம்… அந்தப் பிள்ளை மேல தப்பு இல்லையோன்னு தோணுது. நான்தான் சரியாப் பாக்கலையோன்னு."

"தோணுதா?" கண்ணைச் சுருக்கினார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால அடிச்சுக் காமிச்ச. இன்னைக்குத் தோணுதுங்கிற. எத வச்சுச் சொல்ற? காட்டு, பாப்போம்."

செல்போன் என் கையில்தான் இருந்தது. கட்டைவிரலை வைத்தால் திறந்துவிடும், முதல் படமே அதுதான். நவம்பர் இருபத்தேழு என்றால் அண்ணாச்சிக்கு உடனே புரிந்துவிடும், மழை, புரோட்டா, சேப்பாக் காட்டுது, எதையும் மறக்கிற ஆள் இல்லை அவர். "காட்டுற மாதிரி ஒன்னும் இல்ல அண்ணாச்சி" என்றேன். "ஒரு அனுமானந்தான்."

அண்ணாச்சி போனிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். "பிள்ள வேலையில கெட்டிங்க. கையும் சுத்தம். அந்த மெசின் விஷயந்தான்… நம்ம டாக்டரே பக்கத்துலதான் இருக்காரு, அவருக்கே உறுதியாச் சொல்லத் தெரியல. உங்க மெசினு, நீங்க பாத்துச் செய்ங்க." போனை வைத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாளோ என்னவோ. கம்ப்யூட்டரில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். நூறு. ஒரு ஆபத்து நீக்கப்பட்டது, உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது. "நீ ஒருத்தன் இருக்கப்போய்த்தான்யா நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்று சொல்லி அண்ணாச்சி கீழே பார்த்து டீக்குக் குரல் கொடுத்தார். வந்தது. குடித்தேன்.

மாடிப்படி இறங்கும்போதே போன் அதிர்ந்தது. எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் இரைச்சல், பெண்கள் சிரிக்கிற சத்தம். "அண்ணே, பேசுனீங்களா?"

"பேசிட்டேம்மா."

"போதும்ணே. கிடைக்கோ கிடைக்கலையோ, எனக்காகப் பேசுன ஆளு நீங்க ஒருத்தர்தான். அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பேன்." இன்னும் என்னவோ சொன்னாள், பஸ் ஹாரன் அடித்தது, கேட்கவில்லை. நல்லதும்மா என்று சொல்லி வைத்தேன்.

வண்டிப் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைத் திறந்தேன். வெயிலில் எழுத்துத் தெரியவில்லை, கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இது என் போனில் இருப்பது ஆபத்து, பிள்ளைகள் எடுத்து நோண்டுவார்கள். அழித்தேன். முப்பது நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம் என்று எழுத்து வந்தது. முப்பது நாள் இருக்கிறதே, ஆடிப்பெருக்கு முடியட்டும், அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பிரஸ்ஸுக்கு வண்டியை எடுத்தேன்.